புறாக் கூண்டில் குளவி: கொருக்குப்பேட்டையிலிருந்து என் அனுபவம்

வட சென்னையில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு பக்கம் மொட்டை மாடியில் புறா வைத்திருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் குளவி கொட்டிய கதை ஒன்று சொல்வார்கள். ஆனால் நாம் கூடினால் பூனையையும் பருந்தையும் பற்றித்தான் பேசுகிறோம். ஆளை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய் விடுவது குளவிதான்.

எங்கள் கூண்டு பழைய பலகையும் கம்பி வலையும் வைத்து அடித்தது, மேலே ஷீட். குளவிக்கு வேறென்ன வேண்டும்? மழை படாத இடம், கூடு கட்ட மரமும் பக்கத்திலேயே. வெயிலில் வெளுத்த பலகையைச் சுரண்டி, எச்சிலோடு மென்று, காகிதம் மாதிரி ஆக்கித்தான் அது கூடு கட்டும். காலையில் சத்தம் போடாமல் நின்றால் அது சுரண்டுவது காதில் விழும். பலகையில் புதிதாக வெளிர் கோடுகள் தெரிந்தால் ஷீட்டுக்கு அடியில், முட்டைப் பெட்டிக்குப் பின்னால், பைப் வாயில் எல்லாம் தேடிப் பாருங்கள்.

என்னைக் கொட்டியது புறாவுக்குப் போடும் கம்புத் தானியப் பெட்டியில். மூடியின் உள்பக்கம் கீலை ஒட்டிக் கட்டியிருந்தது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. மூடியைத் தூக்கிய அதிர்வுக்கே பாய்ந்துவிட்டன. தேனீ கொடுக்கை விட்டுவிட்டுப் போய்விடும், குளவி அப்படியில்லை, ஒன்றே திரும்பத் திரும்பக் கொட்டும். விரல் வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா சுண்ணாம்போடு ஓடி வந்தார்கள். புண்ணாகிவிடும் அக்கா என்று சொல்லி, சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸைத் துணியில் சுற்றி வைத்தேன். இப்போதெல்லாம் பெட்டியைக் குச்சியால் தட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்த பிறகுதான் திறக்கிறேன்.

காசிமேட்டு நண்பர் ஒருவரின் தம்பிக்கு ஒரே கொட்டுதான். சிறிது நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. உடனே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்ட பிறகுதான் சரியானது. மூச்சுத்திணறலோ தலைசுற்றலோ வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கவே கூடாது, 108-ஐ அழையுங்கள்.

குளிர் நாடுகளில் வேட்டைக்காரர்கள் பதுங்கும் குடில்களிலும் தீவனத் தொட்டிகளிலும் இதே தொல்லை உண்டு. அங்கே பனிக்காலம் வந்தால் ராணிகள் தவிர மற்றவை செத்துவிடும், அப்புறம் காலிக் கூட்டை நிதானமாகத் தட்டிவிடலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. மார்கழியிலும் நம் ஊர்க் கூட்டில் குளவி இருக்கும். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: வாரம் ஒருமுறையாவது கூண்டை மூலை மூலையாகப் பாருங்கள். நாலைந்து அறையும் ஓரிரு குளவியுமாக மெல்லிய காம்பில் தொங்கும்போதே நீளக் குச்சியால் சுரண்டிவிட்டால் வேலை முடிந்தது. அந்த இடத்தில் எண்ணெய் தடவிவிடுவேன், இல்லையென்றால் அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

கொஞ்சம் பெருகிவிட்டால் இருட்டிய பிறகுதான் கிட்டப் போக வேண்டும். புறாக்களை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டிக்கொள்ளுங்கள், சிவப்பு வெளிச்சம் அதற்குச் சரியாகத் தெரியாது. கெட்டியான சோப்புத் தண்ணீரை அடித்தால் மூச்சுத் துளை அடைபட்டு விழுந்துவிடும். பூச்சி மருந்து அடித்தால் கம்பிலும் தண்ணீரிலும் படியும், குஞ்சுகள் இருக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம். நெருப்பு வைக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: காய்ந்த பலகை, வைக்கோல், இறகு, அடுத்த மாடியில் இன்னொருவர் கூண்டு. யோசியுங்கள்.

சுவரில் மண்ணால் கட்டும் குளவியை விட்டுவிடுங்கள். அது சிலந்தியைப் பிடித்து உள்ளே அடைத்து முட்டையிடும், நாம் கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய கொட்டாது. வயிற்றில் மஞ்சள் பட்டை போட்ட பெரிய கருப்புக் கதண்டு என்றால் நீங்களாகக் கை வைக்காதீர்கள், தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்கள். சின்னக் குளவியின் புழுக்களைத் தின்னவும் அது வரும், சின்னக் கூட்டை வளரவிடக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கத்திரி வெயிலில் குளவி தன் கூட்டைக் குளிர்விக்கத் தண்ணீர் தேடிப் புறாத் தொட்டிக்கு வரும். நான் கைப்பிடிச் சுவர் ஓரத்தில், கூண்டிலிருந்து தள்ளி, கூழாங்கல் போட்ட மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறேன். பெரும்பாலும் அங்கேயே குடித்துவிட்டுப் போய்விடுகின்றன. வேறு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள், குஞ்சு பொரிக்கும் நேரத்தில் ரொம்ப உதவும்.