ரைட் கிளிக் தடை, பட்டன் பூட்டு, படிவப் பூட்டு: மலையகப் படிவங்களில் நீங்கள் கண்டது என்ன?

ஹட்டன்

தோட்டத்து ஒபீஸ் கணக்கு, டியூஷன் வகுப்புப் பதிவு, ஹோம்ஸ்டே புக்கிங் என்று இங்கே ஆளாளுக்கு இணையப் படிவம் கட்டிக் கொடுக்கிறோம். மவுஸ் கிளிக்கைத் தடுக்கிற இடத்திலும் கட்டங்களைப் பூட்டுகிற இடத்திலும் என்னென்ன பிழை பிடிபட்டது, எப்படித் தீர்ந்தது என்று உங்கள் ஊர்ப் பெயரை மேலே போட்டு எழுதுங்க. சொந்தக் கதை வேண்டாம், விஷயம் மட்டும் போதும்.

முதலில் என் பங்கு. ரைட் கிளிக்கைத் தடுக்க இன்னும் பலர் ஒட்டுவது நெட்ஸ்கேப் 4 என்ற பழைய பிரவுசர் காலத்து ஸ்கிரிப்ட். அதில் 'டொகியுமென்ட் லேயர்ஸ்', 'டொகியுமென்ட் ஆல்' என்று பிரவுசரைச் சோதிக்கிற வரிகள் இருக்கும். பிறகு மவுஸ்டவுனை (மவுஸ் பட்டன் அமுங்குகிற நிகழ்வை) பிடித்து, பட்டன் எண் 2 என்றால் ஒரு அலர்ட். மவுஸ்டவுனைத் தடுத்தால் மெனு வருவது நிற்காது. மெனுவுக்கென்றே 'கொன்டெக்ஸ்ட்மெனு' என்ற நிகழ்வு இருக்கிறது, அதில் 'பிரிவென்ட் டிஃபால்ட்' அழைத்து, பிரவுசர் வழக்கமாகச் செய்வதை நிறுத்துவதுதான் வழி. கீபோர்டில் மெனு விசை, ஷிப்ட்டோடு எஃப்10, அண்ட்ரொய்ட் போனில் நீண்ட அழுத்தம் எல்லாமே இந்த நிகழ்வைத்தான் எழுப்பும்.

எண்களிலும் ஒரு பொறி உண்டு. இன்றைய கணக்கில் 'ஈவென்ட் பட்டன்' இடதுக்கு 0, நடுவுக்கு 1, வலதுக்கு 2. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இடது 1, வலது 2, நடு 4. வலது இரண்டிலும் 2 என்பதால் பழைய ஸ்கிரிப்ட் பாதி வேலை செய்வதுபோலத் தெரியும். ஆனால் 'பட்டன் 1 என்றால் இடது' என்று எழுதிய வரி இப்போது நடுப் பட்டனுக்குத்தான் ஓடும். 'பட்டன்ஸ்' என்று பன்மையில் வருவது இன்னொரு கணக்கு: இடது 1, வலது 2, நடு 4, சேர்த்து அமுக்கினால் கூட்டுத்தொகை. ஒரு எழுத்து கூடினால் அர்த்தமே வேறு.

எல்ல

இங்கே ஹோம்ஸ்டேக்காரர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: ஒன்பது வளைவுப் பாலத்துப் படங்களை யாரும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது, ரைட் கிளிக்கை நிறுத்து. நிறுத்தலாம், ஆனால் படம் திரையில் தெரிகிறது என்றாலே அது பார்ப்பவரின் மெஷினுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஃபயர்பொக்ஸில் ஷிப்ட்டை அமுக்கிக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் தடையைத் தாண்டி மெனு வரும். பக்கத்தின் உள்ளே பார்க்க எஃப்12 விசை இருக்கிறது, ஸ்கிரீன்ஷொட் இருக்கிறது.

நஷ்டம் நல்ல வாடிக்கையாளருக்குத்தான். வெளிநாட்டுக்காரர் அறை விபரத்தை இன்னொரு டேபில் திறக்கவும், பக்கத்தை மொழிமாற்றவும், மின்னஞ்சல் முகவரியைக் கொப்பி பண்ணவும் அந்த மெனுவைத்தான் தேடுவார். கேட்கிறவர் விடவே மாட்டேன் என்றால் பக்கம் முழுக்கப் போடாமல், கிளிக் விழுந்தது படத்தின் மேல்தானா என்று 'டார்கெட்'டில் 'குளோசெஸ்ட்' வைத்துப் பார்த்து அதற்கு மட்டும் தடுங்க. ஐபோன் சஃபாரியில் நீண்ட அழுத்தத்துக்கு இது கைகொடுக்காது, அங்கே சிஎஸ்எஸ்ஸில் 'வெப்கிட் டச் கோல்அவுட்' என்பதை 'நன்' ஆக்க வேண்டும். உண்மையான பாதுகாப்பு வேண்டுமென்றால் சிறிய அளவுப் படத்தையே ஏற்றி, மூலையில் விடுதிப் பெயரைப் பதித்துவிடுங்க. பெரிய படம் சேர்வரிலேயே இல்லாவிட்டால் யாரும் எடுக்க முடியாது.

தலவாக்கலை

ரைட் கிளிக் சில்லறை விஷயம். கைவைத்தால் சுடுகிற இடம் சேமிக்கும் பட்டன்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் போனில் பதிவு செய்கிற படிவத்தை எடுத்துக்கொள்ளுங்க. மலைச் சரிவில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். சேமி என்று அமுக்குகிறார், திரையில் ஒன்றும் நடக்கவில்லை, இன்னொரு தரம் அமுக்குகிறார். ஒரே ஆளின் பேரில் ஒரே நிறை இரண்டு தரம் ஏறிவிடும். மாதக் கடைசியில் செக்ரோலோடு (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டோடு) ஒத்துப் பார்க்கிறபோதுதான் சண்டை.

எல்லோரும் முதலில் செய்கிற வைத்தியம், பட்டனின் கிளிக்கில் 'டிசேபிள்ட்' என்பதை ட்ரூ ஆக்கிப் பூட்டுவது. உடனே படிவமே போகாமல் நின்றுவிடும். கிளிக்குக்கான உங்கள் வரிகள் ஓடி முடிந்த பிறகுதான் பிரவுசர் படிவத்தை அனுப்பப் பார்க்கும். அந்த நேரத்தில் பட்டன் பூட்டியிருந்தால் அனுப்பாது. இதைச் சமாளிக்க 'செட்டைம்அவுட்' 0 போட்டு ஒரு கணம் தள்ளிப் பூட்டுவார்கள். அப்போது வேறொன்று வரும்: ஒரு கட்டம் காலியாக இருந்தால் பிரவுசர் 'நிரப்பவும்' என்று சொல்லி நிறுத்திவிடும், 'சப்மிட்' நிகழ்வே எழாது, ஆனால் பட்டன் பூட்டியபடியே கிடக்கும். பக்கத்தை ரீலோட் செய்தால்தான் விமோசனம்.

ஆகவே பூட்டு படிவத்தின் 'சப்மிட்' நிகழ்வில் இருக்கட்டும். சரிபார்ப்பு தேறிய பிறகுதான் அது எழும், என்டர் விசையால் அனுப்பினாலும் எழும். 'ஃபெட்ச்' மூலம் (பக்கம் மாறாமல் ஸ்கிரிப்ட் வழியே) அனுப்புகிறவர்கள் வரிசையைக் கவனியுங்க:

1. முதலில் 'பிரிவென்ட் டிஃபால்ட்'.
2. 'அனுப்பிக்கொண்டிருக்கிறது' என்கிற மாறி ட்ரூ என்றால் அங்கேயே திரும்பிவிடு. இல்லையென்றால் ட்ரூ ஆக்கு.
3. கட்டங்களில் உள்ள தகவலை, அதாவது 'ஃபோம்டேட்டா'வை, இப்போதே எடுத்து வை.
4. அதற்குப் பிறகு கட்டங்களைச் சேர்த்து வைத்திருக்கிற ஃபீல்ட்செட்டைப் பூட்டு.
5. அனுப்பு. வெற்றியோ தோல்வியோ, 'ஃபைனலி'யில் பூட்டைத் திற.

மூன்றும் நாலும் இடம் மாறினால் சேர்வருக்கு வெற்றுப் படிவம் போகும். பூட்டிய கட்டம் எதையும் பிரவுசர் சேர்க்காது என்பதுதான் காரணம். ஃபெட்ச் இல்லாமல் சாதாரணமாக அனுப்பினாலும் இதே கதை: சப்மிட் நிகழ்வில் ஃபீல்ட்செட்டைப் பூட்டினால் தகவல் திரட்டப்படுவதற்கு முன்பே பூட்டு விழுந்துவிடும். பட்டன் ஒன்றை மட்டும் பூட்டினாலும் அந்தப் பட்டனின் பெயரும் மதிப்பும் போகாது. 'காலை நிறுவை', 'மாலை நிறுவை' என்று இரண்டு பட்டன் வைத்து, எது அமுக்கப்பட்டது என்று சேர்வரில் பார்க்கிறவர்கள் இதில் மாட்டுவார்கள்.

இவ்வளவு செய்தும் இரட்டைப் பதிவு முழுதாக நிற்காது. பதிவு சேர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், பதில்தான் திரும்புகிற வழியில் சிக்னலோடு போயிருக்கும். ஃபைனலியில் பூட்டு திறந்ததும் ஆள் மறுபடி அமுக்குவார், அதில் அவர் மேல் பிழையே இல்லை. படிவம் திறக்கும்போதே ஒரு தனி அடையாள எண்ணை மறைந்த கட்டத்தில் போட்டு, டேட்டாபேஸில் அந்தப் பத்தியை 'யுனிக்' (ஒரே எண் இரண்டு தரம் ஏறாதது) ஆக்குங்க. அதே எண் திரும்ப வந்தால் பிழை காட்டாமல், முதலில் பதிந்ததற்குரிய பதிலையே கொடுங்க. வெற்றியான பதில் கைக்கு வந்த பிறகுதான் புது எண். ஃபைனலியில் மாற்றினால் எல்லாம் வீண்.

அந்த எண்ணை 'கிரிப்டோ ரேண்டம் யூயூஐடி' கொண்டு எடுக்கிறவர்களுக்கு: அது எச்டிடிபிஎஸ்ஸிலும் லோக்கல்ஹோஸ்ட்டிலும் மட்டுமே கிடைக்கும். ஒபீஸ் நெட்வொர்க்குக்குள் 192.168 என்று தொடங்குகிற முகவரியில் வெறும் எச்டிடிபியில் ஓட்டினால் அப்படியொரு ஃபங்ஷனே இல்லை என்று ஸ்கிரிப்ட் நின்றுவிடும். எழுதியவர் மெஷினில் ஓடும், ஒபீஸில் ஓடாது. இப்படி இருந்தால் எண்ணைச் சேர்வரே கொடுக்கட்டும்.

பண்டாரவளை

தலவாக்கலை அண்ணன் சொன்ன 'பூட்டிய கட்டம் போகாது' என்பதிலிருந்துதான் அடுத்த குழப்பம்.

ஆளின் பதிவு இலக்கத்தைத் திருத்த விடக் கூடாது, ஆனால் சேர்வருக்கு அது வேண்டும் என்றால் 'டிசேபிள்ட்' வேண்டாம், 'ரீட்ஒன்லி' போடுங்க. அது அனுப்பப்படும், டேப் விசைக்கும் கிடைக்கும், கொப்பியும் பண்ணலாம். ஆனால் ரீட்ஒன்லி எழுத்துக் கட்டங்களுக்கும் திகதி, எண் கட்டங்களுக்கும் மட்டும்தான். செக்பொக்ஸ், ரேடியோ, கீழிறங்கும் பட்டியல், ஃபைல் எதற்கும் அது செல்லாது. எழுதி வைத்தாலும் பிரவுசர் கண்டுகொள்ளாது. டிவிஷன் பட்டியலைக் காட்டி மாற்ற விடாமல் அனுப்ப வேண்டுமென்றால், பட்டியலை டிசேபிள்ட் ஆக்கி, அதே பெயரில் ஒரு மறைந்த கட்டத்தில் மதிப்பை வையுங்க.

'டிசேபிள்ட்' இற்கு எதிரே ஃபோல்ஸ் என்று எழுதினால் திறந்துவிடும் என்று நினைக்காதீங்க. எச்டிஎம்எல்லில் அந்தச் சொல் இருந்தாலே பூட்டுத்தான், எதிரே என்ன எழுதியிருந்தாலும். ஜாவாஸ்கிரிப்டில் எலிமென்ட்டின் டிசேபிள்ட் பண்பை ஃபோல்ஸ் ஆக்கணும், இல்லாவிட்டால் 'ரிமூவ் எட்ரிபியூட்'.

ஃபீல்ட்செட்டைப் பூட்டினால் உள்ளே உள்ள அத்தனையும் பூட்டும், முதல் லெஜண்டுக்குள் (ஃபீல்ட்செட்டின் தலைப்புக்குள்) இருப்பதைத் தவிர. இதைப் பிழை என்று நினைத்துத் திட்ட வேண்டாம், வசதி. 'விபரத்தைத் திருத்து' என்ற செக்பொக்ஸை லெஜண்டுக்குள் வைத்தால் மற்றதெல்லாம் பூட்டியிருக்கும்போது அது மட்டும் வேலை செய்யும்.

லிங்குக்கு டிசேபிள்ட் என்பதே கிடையாது. கிளிக்கைத் தடுத்தாலும் நடுப் பட்டனால் அமுக்கினால் புது டேபில் திறக்கும், ஏனென்றால் நடுப் பட்டன் எழுப்புவது 'கிளிக்' அல்ல, 'ஒக்ஸ்கிளிக்'. லிங்கின் முகவரியான எச்ரெஃப்பையே எடுத்துவிடுவதுதான் சுத்தம். 'பொயின்டர் ஈவென்ட்ஸ் நன்' போட்டு மங்கலாக்குகிறவர்கள் டேப் விசையையும் என்டரையும் மறந்துவிடுகிறார்கள். அது கைகாட்டியை மட்டும்தான் நிறுத்தும்.

எல்லாவற்றுக்கும் மேலே: எஃப்12 தெரிந்த ஓ.எல். பிள்ளைகூட இந்தப் பூட்டையெல்லாம் திறந்துவிடும். நிறைக்கு ஒரு உச்சவரம்பு என்றால் அது சேர்வரிலும் சோதிக்கப்பட வேண்டும்.

மஸ்கெலியா

நிறைக் கட்டத்துக்கு 'நம்பர்' வகை போட்டால் 24.5 ஐ ஏற்காது, 24 அல்லது 25 போடு என்று கேட்கும். ஸ்டெப் (எண் எவ்வளவு எவ்வளவாகக் கூடலாம் என்பது) எழுதாவிட்டால் அது 1 என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம். ஸ்டெப்பை 0.5 ஆக்குங்க, அல்லது 'எனி'. கர்சர் கட்டத்தில் இருக்கும்போது மவுஸ் சக்கரத்தை உருட்டினால் சில பிரவுசர்களில் எண் தானாக மாறும். பக்கத்தைக் கீழே இறக்கப் போய் 24 என்பது 21 ஆகிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 'வீல்' நிகழ்வில் அந்தக் கட்டத்தை 'ப்ளர்' பண்ணி, கர்சரை வெளியே எடுத்துவிடுங்க. டொகியுமென்ட் மேலேயே வீலைப் பிடித்து பிரிவென்ட் டிஃபால்ட் போட்டால் குரோமில் 2019 இல் வந்த 73 ஆம் பதிப்பிலிருந்து செல்லாது, 'பேசிவ் ஃபோல்ஸ்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்குக் கேட்டால் நம்பர் வகையே வேண்டாம். சாதாரண டெக்ஸ்ட், 'இன்புட்மோட் டெசிமல்', போனில் எண் பலகை வந்துவிடும், தொல்லையும் இல்லை.

பதுளை

அடையாள அட்டை இலக்கத்துக்கும் நம்பர் வகை போடுகிறார்கள், சேர். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஒரு வி அல்லது எக்ஸும். 2016 இலிருந்து வருகிற புதியதில் 12 இலக்கம், எழுத்து இல்லை. நம்பர் கட்டத்தில் வி ஏறாது. டெக்ஸ்ட் வைத்து, 'பேட்டர்ன்' இல் இரண்டு வடிவத்தையும் எழுதுங்க. வயதான ஆட்களிடம் பழைய அட்டை இன்னும் இருக்கிறது.

தமிழில் பெயர் எழுதுகிற கட்டங்களுக்குத்தான் நிறைய அடி. கட்டத்தின் நீளத்துக்கு எல்லை போடுகிற 'மெக்ஸ்லெந்த்' எண்ணுவது நம் எழுத்தை அல்ல. கொழுந்து என்பது நமக்கு நாலு எழுத்து, பிரவுசருக்கு 8: க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ந, புள்ளி, த, உகரக் குறி. ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து 20 என்று போட்டால், தகப்பன் பெயரோடு எழுதுகிற தமிழ்ப் பெயர் பாதியில் புள்ளியோ கொம்போ இல்லாமல் அறுந்து நிற்கும்.

'எழுத்து மட்டும்' என்று வடிகட்டுகிறவர்கள் யுனிகோடின் 'எல்' வகையை மட்டும் அனுமதிப்பார்கள். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் 'எம்' வகை. எம் சேர்க்காவிட்டால் 'ராமன்' கூடத் தேறாது, 'கமல' மட்டும்தான் தேறும். ஜாவாஸ்கிரிப்டில் அந்த வடிகட்டும் ரெஜெக்ஸுக்கு 'யு' கொடியும் வேண்டும்.

விசையைத் தடுக்க 'கீடவுன்' (விசை அமுங்குகிற நிகழ்வு) பிடிப்பதும் அண்ட்ரொய்டில் பயன் இல்லை. பெரும்பாலும் எந்த எழுத்தை அமுக்கினாலும் விசை எண் 229 என்றே வரும். 'இன்புட்' நிகழ்வில் மதிப்பைப் பாருங்க. அதிலும் 'இஸ்கொம்போசிங்' ட்ரூவாக இருக்கும்போது, அதாவது எழுத்து இன்னும் முடியாதபோது, மதிப்பை மாற்றி எழுதக் கூடாது, பாதி எழுதிய எழுத்து இரட்டிப்பாகும் அல்லது காணாமல் போகும்.

நுவரெலியா

தலவாக்கலை அண்ணே, நீங்க சொன்ன மாதிரி சப்மிட்டில் பட்டனைப் பூட்டி, சாதாரணமாகவே அனுப்புகிறோம். அடுத்த பக்கத்திலிருந்து பின்னால் வந்தால் பட்டன் பூட்டியே இருக்கிறது. ஃபயர்பொக்ஸில் ரீலோட் செய்தாலும் திறக்கவில்லை. ஏன்?

தலவாக்கலை

இரண்டும் வேறு வேறு காரணம், தம்பி. பின்னால் வரும்போது பிரவுசர் பக்கத்தைப் புதிதாகக் கட்டுவதில்லை, விட்ட நிலையிலேயே எடுத்து வைக்கிறது. 'லோட்' நிகழ்வு திரும்ப எழாது. பக்கம் திரையில் வரும்போது எழுகிற 'பேஜ்ஷோ' நிகழ்வைப் பிடித்து, 'பெர்சிஸ்டட்' ட்ரூ (பழைய நிலையிலேயே எடுத்து வைத்தது) என்றால் பூட்டைத் திற, அனுப்பும் மாறியையும் ஃபோல்ஸ் ஆக்கு. அடையாள எண்ணை மட்டும் தொடாதே, அதே பதிவுதான் திரும்பப் போகிறதா என்று சேர்வர் பார்த்துக்கொள்ளும். ஃபயர்பொக்ஸ் ரீலோடில் கட்டங்களின் நிலையை ஞாபகம் வைக்கும், பட்டனின் பூட்டையும் சேர்த்து. அந்தப் பட்டனுக்கே 'ஓட்டோகம்ப்ளீட் ஓஃப்' எழுதினால் தீரும்.

சோதிக்கும்போது ஒபீஸ் வைஃபையில் பார்க்காதே. எஃப்12 அமுக்கி, நெட்வொர்க் பகுதியில் வேகத்தைக் குறைத்துவிட்டு சேமியை நாலைந்து தரம் படபடவென்று அமுக்கு. பிறகு 'ஓஃப்லைன்' ஆக்கி ஒரு தரம் அமுக்கு. டேட்டாபேஸில் ஒரு வரிதான் இருக்கணும், பட்டனும் திரும்பத் திறந்திருக்கணும்.