ஜெயா சித்தியின் ஆறு பக்கத் தாள்

குழு: பாம்பன் வீடு
வியாழக்கிழமை

மாலை 6:12
ஜெயா: [படம்] [படம்] [படம்]
ஜெயா: ரோசி, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லு. சர்க்கரை மாத்திரை வாங்கப் போன இடத்தில் கொடுத்தார்கள். ஆறு பக்கம் இருக்கிறது. கடைசியில் கையெழுத்துப் போட வேண்டுமாம். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன்.

6:15
அந்தோணி: என்ன தாள் அது? எதிலும் கையெழுத்துப் போடாதே.
ஜெயா: இன்னும் போடவில்லை அண்ணே.
அந்தோணி: மேலேயே 'ஆராய்ச்சி' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. நம்மை எலியாக்கப் பார்க்கிறார்கள். படகுக் கடனுக்கு இப்படித்தான் ஒரு தடவை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஏழு வருடம் கட்டினேன்.

6:21
செல்வம் (குவைத்): [பலமுறை முன்னனுப்பப்பட்டது] தினமும் பாகற்காய்ச் சாறு! 21 நாளில் சர்க்கரை ஓடிவிடும்! டாக்டர்கள் மறைக்கும் ரகசியம்!
அமலன்: மச்சான், போன மாதமும் இதையே அனுப்பினாய். அப்போது 48 நாள் என்று இருந்தது.
செல்வம் (குவைத்): இப்போது சாறு ஸ்ட்ராங் ஆகிவிட்டது போல.

7:40
ரோசி: இப்போதுதான் டியூட்டி முடிந்தது. சித்தி, இரண்டாம் பக்கம் மங்கலாக இருக்கிறது. டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்து எடுங்கள். அந்தப் பக்கம்தான் முக்கியம்.
ஜெயா: [படம்]

7:58
ரோசி: படித்துவிட்டேன். மாமா, இது மருந்து சோதனை இல்லை. புது மாத்திரையோ ஊசியோ எதுவும் கிடையாது. ஒல்லியாக இருந்தும் சர்க்கரை வந்தவர்களைத் தேடுகிறார்கள். வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள், எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு பார்ப்பார்கள், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். மீதி எல்லாம் கேள்விகள்தான்.
ரோசி: மருந்து சோதனையாக இருந்தால் நானே வேறு மாதிரிப் பேசியிருப்பேன். 2009 ஜூனுக்குப் பிறகு அந்த மாதிரி ஆய்வை அரசுப் பதிவேட்டில் பதியாமல் தொடங்கக் கூடாது. ஆய்வால் உடம்புக்கு ஏதாவது ஆனால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019 விதிகளில் இருக்கிறது. அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்லியிருப்பேன்.

8:03
அந்தோணி: எல்லாம் சரி. இதையெல்லாம் அமெரிக்காக்காரன் எப்போதோ கண்டுபிடித்திருப்பானே. நம் ரத்தம் எதற்கு?

8:15
ரோசி: வேலையில் சேர்ந்த புதிதில் நானும் இதையே கேட்டேன் மாமா. அமெரிக்காவில் 2002இல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. சர்க்கரை வரும் விளிம்பில் நின்ற 3,234 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு மெட்ஃபார்மின், சித்தி சாப்பிடும் அதே மாத்திரைதான், நாளுக்கு 1,700 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். சர்க்கரை வருவது 31 சதவீதம் குறைந்தது. 2006இல் சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. இங்கே கொடுத்தது வெறும் 500 மில்லிகிராம். அதற்கே 26 சதவீதம் குறைந்துவிட்டது. அங்கே கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!
ரோசி: இன்னொன்று கேளுங்கள். மாத்திரையும் இல்லாமல், நடைப்பயிற்சி, சாப்பாடு பற்றிய தீவிர ஆலோசனையும் இல்லாமல் இருந்தவர்களில் மூன்று வருடத்துக்குள் அங்கே நூற்றுக்கு 29 பேருக்குச் சர்க்கரை வந்தது. இங்கே 55 பேருக்கு. அங்கே இருந்தவர்கள் நல்ல பருமன், நம்மவர்கள் அப்படி இல்லை, அப்படியிருந்தும் இந்தக் கணக்கு. அவர்கள் உடம்புக்கு அளந்த சட்டையை நாம் போட்டுக்கொண்டு திரிய முடியாது.

8:18
அமலன்: ஏன் அக்கா அப்படி? ஒல்லியாக இருந்தால் நல்லது என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்.

8:26
ரோசி: அதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. லண்டனில் யுட்கின் என்று ஒரு டாக்டர், புனேயில் யாஜ்னிக் என்று ஒரு டாக்டர். இரண்டு பேருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு (பி.எம்.ஐ.) ஒன்றுதான், 22.3. பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அண்ணன் தம்பி மாதிரி இருப்பார்கள். கொழுப்பை அளந்தபோது லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இரண்டு பேர் படத்தையே போட்டு எழுதினார்கள். வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதனால்தான் மற்றவர்களுக்கு 25க்கு மேல் போனால் எச்சரிக்கை என்றால் நமக்கு 23லேயே மணி அடிக்கிறார்கள்.

8:28
ஜெயா: எனக்குக் கொழுப்பு என்று இத்தனை வருடம் அண்ணன் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது லண்டன் வரைக்கும் போய்விட்டதா?
அந்தோணி: நான் அப்போதே சொன்னேன்.
செல்வம் (குவைத்): அத்தை, உங்களுக்கு 44 கிலோவில் கொழுப்பு எங்கே இருக்கிறது?
ரோசி: அதைத்தான் அவர்கள் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள்.

8:35
ஸ்டெல்லா: ஜெயா பிறந்தபோது நெத்திலி மாதிரி இருந்தாள். அந்த வருடம் அப்பாவுக்குத் தொழில் இல்லை. அம்மா கஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டே மீன் காயப்போடப் போனாள். குழந்தையைத் துணியில் சுற்றினால் துணிதான் தெரியும். தாதி 'இது தங்காது' என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.
ஜெயா: தங்கிவிட்டேனே அக்கா.
ரோசி: அம்மா, இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை? தாளில் நான்காவது கேள்வியே பிறந்தபோது எடை எவ்வளவு, சின்ன வயதில் பட்டினி உண்டா என்பதுதான். அதே யாஜ்னிக் புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை நிறுத்துப் பார்த்தார். சராசரி 2.7 கிலோ. இங்கிலாந்தில் 3.5. எடை குறைந்தாலும் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. நமக்குக் கருவிலேயே கணக்கு மாறிவிடுகிறது.
ரோசி: அப்புறம், சத்துக் குறைவோடு வரும் சர்க்கரைக்கு 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் 'டைப் 5' என்றே தனிப் பெயர் கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி. டாக்டர்களுக்கு அதில் பெரிய பங்கு. சித்திக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. இந்த ரத்தத்தில் சி-பெப்டைடு என்று ஒன்று பார்ப்பார்கள். கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று அதில் தெரியும். முடிவை நமக்கும் தருவோம் என்று எழுதியிருக்கிறது. உங்கள் டாக்டருக்கு அது பயன்படலாம்.

8:44
அந்தோணி: அவளுக்கு நேரடியாக என்ன லாபம்? அதைச் சொல்லு.
ரோசி: பெரிதாக ஒன்றும் இல்லை மாமா. மூன்றாம் பக்கத்தில் அவர்களே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். பஸ் காசும் காலைச் சாப்பாடும் தருவார்கள். பெரிய லாபம் வரும் என்று யாராவது சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும்.
அந்தோணி: ஐந்தாம் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறதே. 'மீதமுள்ள ரத்தத்தைச் சேமித்து மரபணு ஆய்வுக்குப் பயன்படுத்தச் சம்மதம்' என்று. பார்த்தாயா? நான் சொல்லவில்லையா?
ரோசி: பார்த்தேன். நல்ல கண் மாமா உங்களுக்கு. அது தனிச் சம்மதம். அதில் 'இல்லை' என்று போட்டுவிட்டு மற்றதில் சேரலாம். பாதியில் விலகினாலும் அவர்கள் மாத்திரை கொடுப்பதை நிறுத்தக் கூடாது, அதுவும் எழுதியிருக்கிறது.

8:50
செல்வம் (குவைத்): ஆராய்ச்சி என்றால் எப்போதும் ஊசிதானா?
ரோசி: இல்லை மச்சான். அதே ராமச்சந்திரன் குழு 537 ஆண்களுக்குப் போனில் குறுஞ்செய்தி அனுப்பியே ஒரு ஆய்வு செய்தது, 2013இல் வந்தது. சாப்பாடு, உடற்பயிற்சி பற்றிய சின்னச் சின்ன செய்திகள். இரண்டு வருடத்தில் செய்தி போனவர்களில் 18 சதவீதத்துக்கும், போகாதவர்களில் 27 சதவீதத்துக்கும் சர்க்கரை வந்தது.
அமலன்: பார்த்தாயா மச்சான், போனில் வந்த செய்தியாலும் நல்லது நடந்திருக்கிறது. பாகற்காய்ச் சாறு இல்லாமலே.
செல்வம் (குவைத்): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

8:57
ஜெயா: பாதத்தில் உணர்ச்சி பார்ப்பது என்றால் என்ன? ஊசி குத்துவார்களா?
ரோசி: இல்லை சித்தி. ஒரு நைலான் இழைதான். நம் தூண்டில் தங்கூசி நரம்பு மாதிரியே இருக்கும், ஒரு கைப்பிடியில் செருகியிருப்பார்கள். உள்ளங்காலில் இழை வளையும் வரை மெல்ல அழுத்துவார்கள். அந்த வளைவுக்குப் பத்து கிராம் கனம். கண்ணை மூடிக்கொண்டு, பட்டதா இல்லையா என்று சொன்னால் போதும். படவில்லை என்றால் நரம்பு மரத்திருக்கிறது என்று அர்த்தம்.

9:10
ஜெயா: அப்படியென்றால் ஒன்று கேட்கவா
ஜெயா: போன வாரம் கடல்பாசி எடுக்கப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றினேன். உள்ளே ரத்தம். கடலுக்குள் பாறைப் பாரில் மிதித்திருப்பேன் போல. கைவிரலுக்குத் துணி சுற்றியிருந்தேன், கால் ஞாபகமே இல்லை. எப்போது கிழிந்தது என்று எனக்குத் தெரியவே இல்லை.
அமலன்: அம்மா! என்னிடம் ஏன் சொல்லவில்லை?
ஜெயா: உனக்குப் பரீட்சை.
ரோசி: சித்தி, படம் எடுத்து அனுப்புங்கள். கட்டை அவிழ்த்துவிட்டு.
ஜெயா: [படம்]

9:14
ரோசி: பெருவிரலுக்கு அடியில் ஓரம் கறுத்திருக்கிறது. வீக்கமும் இருக்கிறது. மஞ்சளா வைத்தீர்கள்?
ஜெயா: மஞ்சளும் தேங்காயெண்ணெயும்.
ரோசி: சரி. இதற்கும் அந்தத் தாளுக்கும் சம்பந்தமே இல்லை. கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும், நாளைக் காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ஆய்வு நாள் செவ்வாய்க்கிழமை, அதுவரைக்கும் வைத்திருக்காதீர்கள். புண் ஆறும் வரை கடலில் இறங்கக் கூடாது.
ஜெயா: அமாவாசைக்கு எல்லாரும் போவார்கள். நான்கு நாள் காசு போய்விடும்.
ஸ்டெல்லா: காசை நான் தருகிறேன். நீ காலைப் பாரு.

9:20
அந்தோணி: நாளைக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன். தொழிலுக்குச் சனிக்கிழமைதான். எட்டு மணிக்கு வாசலில் நில்.
அந்தோணி: செவ்வாய்க்கிழமையும் நானே வருகிறேன். அந்தத் தாளை முதல் பக்கத்திலிருந்து அவர்கள் எதிரிலேயே சத்தமாக வாசிப்பேன். சாட்சிக் கையெழுத்தும் நான் போடுகிறேன்.
ரோசி: சாட்சி வாசிக்கத் தெரியாதவர்களுக்குத்தான் மாமா. சித்திக்குத் தெரியும்.
அந்தோணி: எனக்கும்தான் தெரியும். அப்படியும் ஏழு வருடம் கட்டினேனே.
ரோசி: வாருங்கள் மாமா, யாரும் தடுக்க மாட்டார்கள். தாளில் இரண்டு போன் எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒன்று ஆய்வு டாக்டருடையது, இன்னொன்று ஆய்வு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவுடையது. இரண்டாவது இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.
அந்தோணி: இருக்கிறது. ஆறாம் பக்கம். நாளைக்கு அடித்துப் பார்க்கிறேன், எடுக்கிறார்களா என்று.

9:31
ஜெயா: செவ்வாய்க்கிழமை வெறும் வயிறு என்றால் வரக்காப்பியும் கூடாதா?
ரோசி: தண்ணீர் மட்டும். மாத்திரையும் ரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாட்டோடு.
ஜெயா: கருப்பட்டி போடாமல் குடித்தாலும்?
ரோசி: கூடாது சித்தி.
ஜெயா: சரி. அண்ணே, பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு வா.