மகளுக்கு வந்திருப்பது சின்னம்மையா? புதிதாகக் குடிவந்த ஊரில் யாரிடம் காட்டுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஆறு வயது. முந்தாநாள் மாலை பள்ளியிலிருந்து வந்தவள், உடம்பு வலிக்கிறது என்று சொல்லி எதுவும் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இரவில் காய்ச்சல் 100.8 டிகிரி இருந்தது. நேற்றுக் காலை மார்பிலும் முதுகிலும் ஏழெட்டுச் சிவந்த புள்ளிகளைப் பார்த்தேன். பூச்சிக்கடி என்றுதான் நினைத்தேன். இன்று அவற்றில் சில நீர் கோத்த கொப்புளங்களாகிவிட்டன. முகத்திலும் தலைமுடிக்குள்ளும் புதிய புள்ளிகள் கிளம்பியிருக்கின்றன. அரிப்புத் தாங்காமல் அழுகிறாள். சின்னம்மைத் தடுப்பூசி ஒரு தவணைதான் போட்டிருக்கிறோம். இரண்டாம் தவணை இடமாற்றங்களுக்கு நடுவே விட்டுப்போயிற்று.

நாங்கள் இந்த ஊருக்கு வந்து மூன்று வாரங்களே ஆகின்றன; தெரிந்த மருத்துவர் எவரும் இல்லை. எங்களோடு இருக்கும் என் நாத்தனார் பதினெட்டு வாரக் கர்ப்பிணி. அவருக்குச் சிறுவயதில் அம்மை வந்ததா என்பது அவருக்கே நினைவில்லை. இது சின்னம்மைதானா, குழந்தைநல மருத்துவரைப் பார்ப்பதா அல்லது தோல் மருத்துவரைப் பார்ப்பதா, இந்த நிலையில் அவளை அழைத்துக்கொண்டு நேரே போகலாமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் 1

சகோதரி, நான் குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றும் செவிலியர். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் விவரித்திருக்கும் வரிசை சின்னம்மையின் வரிசையாகவே இருக்கிறது. இந்த நோயை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது கொப்புளத்தின் வடிவத்தைவிட அதன் பல பருவங்கள்தான்: ஒரே நேரத்தில், ஒரு கையகல இடத்தில், சிவந்த புள்ளி, தெளிந்த நீர் நிறைந்த முத்து, கலங்கிய முத்து, காய்ந்த பொருக்கு ஆகிய எல்லாவற்றையும் பார்க்கலாம். உடலின் நடுப்பகுதியில் நெருக்கமாகவும் கைகால்களில் குறைவாகவும் இருக்கும்; உச்சந்தலைக்குள்ளும் வரும். உள்ளங்கை, உள்ளங்கால், வாய் ஆகிய இடங்களில் மட்டும் கொப்புளங்கள் தென்பட்டால் அது பெரும்பாலும் கை, கால், வாய் நோயாக இருக்கும். கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. ஆகவே நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்து, விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். ஒரு தவணை தடுப்பூசி போட்ட குழந்தைகளுக்கும் இந்த நோய் வருவதுண்டு. ஆனால் தடுப்பூசியே போடாத குழந்தைக்கு 250 முதல் 500 வரை கொப்புளங்கள் வரும் இடத்தில், இவர்களுக்குப் பெரும்பாலும் 50க்குள் நின்றுவிடும்.

முக்கியமான ஒன்று: தயவுசெய்து அவளை அழைத்துக்கொண்டு நேரே எந்த மருத்துவமனைக்கும் போகாதீர்கள். இந்தக் கிருமி காற்றிலேயே பரவும். காத்திருப்பு அறையில் கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் உட்கார்ந்திருக்கக்கூடும். முதலில் தொலைபேசியில் அழைத்து, குழந்தையின் வயது, எடை, காய்ச்சல் அளவு, முதல் புள்ளி தெரிந்த நாள், போட்ட தடுப்பூசி, கொடுத்த மருந்துகள் ஆகியவற்றைச் சொல்லுங்கள். எந்த நேரத்தில் வருவது, எந்த வாசல் வழியாக வருவது என்பதை அவர்களே சொல்வார்கள். பல மருத்துவர்கள் காணொளி அழைப்பில் பார்த்தே முடிவு சொல்லிவிடுவதும் உண்டு. குழந்தைநல மருத்துவரோ பொது மருத்துவரோ போதும். தோல் மருத்துவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பள்ளி அலுவலகத்திடமும் பக்கத்து வீட்டாரிடமும் அவர்கள் எந்த மருத்துவரிடம் போகிறார்கள் என்று கேளுங்கள். அந்த மருத்துவர் பதிவு பெற்றவர்தானா என்பதை மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் சரிபார்க்கலாம்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், எடைக்கு ஏற்ற அளவில், நாளுக்கு நான்கு தடவைக்கு மிகாமல் கொடுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறியை உண்டாக்கக்கூடும். ஐபுபுரூஃபனையும் தவிருங்கள், சின்னம்மையின்போது அதைக் கொடுத்த குழந்தைகளிடம் கடுமையான தோல் தொற்றுகள் காணப்பட்டிருக்கின்றன. அரிப்புக்குக் காலமைன் லோஷன் தடவலாம். இரவில் அரிப்பால் தூக்கம் கெட்டால், வாய்வழி அரிப்பு மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தினமும் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். குளித்தால் நோய் கூடும் என்ற அச்சம் தேவையில்லை. அழுக்கு சேர்ந்தால்தான் கொப்புளங்களில் சீழ் பிடிக்கும். நகங்களை இன்றே ஒட்ட வெட்டிவிடுங்கள். வாய்க்குள் புண் வந்திருந்தால் காரமும் புளிப்பும் இல்லாத, ஆறிய, மென்மையான உணவைக் கொடுத்து, தண்ணீரை அடிக்கடி சிறிது சிறிதாகக் குடிக்க வையுங்கள்.

பதில் 2

நான் மகப்பேறு மருத்துவர். உங்கள் நாத்தனாரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஏனெனில் இந்த வீட்டில் நேரத்தோடு போட்டியிட வேண்டியிருப்பது அவர் விஷயத்தில்தான்.

சின்னம்மை, புள்ளிகள் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாட்கள் முன்பிருந்தே பரவத் தொடங்கிவிடும். ஆகவே அவருக்குத் தொற்று நேர்ந்திருந்தால் அந்தக் கணக்கு இன்று தொடங்கவில்லை. சென்ற இரண்டு மூன்று நாட்களிலேயே தொடங்கிவிட்டது. கர்ப்பத்தின் முதல் 20 வாரங்களில் தாய்க்கு இந்த நோய் வந்தால், குழந்தையின் கண், கைகால், தோல், மூளை ஆகியவை பாதிக்கப்படும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு அளவில் உண்டு. எண்ணிக்கையில் சிறியதுதான், அதற்காகக் கலங்க வேண்டாம், ஆனால் தாமதிக்கவும் வேண்டாம். பெரியவர்களுக்கு, அதிலும் கர்ப்பிணிகளுக்கு, நுரையீரல் அழற்சி ஏற்படக்கூடும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

அவர் இன்றே தம் மகப்பேறு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, இரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிரான ஐஜிஜி எதிர்ப்பொருள், அதாவது முன்பு வந்த நோயோ போட்ட தடுப்பூசியோ உடலில் விட்டுச்சென்ற பாதுகாப்பு, இருக்கிறதா என்ற பரிசோதனையைக் கேட்கட்டும். நினைவில்லை என்று சொல்லும் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு எதிர்ப்பொருள் இருப்பதைத்தான் காண்கிறோம். இல்லை என்று தெரிந்தால், தொற்று நேர்ந்த 10 நாட்களுக்குள், முடிந்தவரை முன்னதாக, பாதுகாப்பளிக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி போடலாம். அது கிடைக்காத இடங்களில் வைரஸ் எதிர்ப்பு மருந்தைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். சின்னம்மைத் தடுப்பூசி உயிருள்ள, வலுவிழந்த கிருமியால் ஆனது என்பதால் கர்ப்பிணிக்குப் போடக்கூடாது. முடிவு வரும்வரை அவர் வேறு வீட்டில் தங்க முடிந்தால் நல்லது. ஒரே வீட்டில் வெவ்வேறு அறைகளில் இருப்பது காற்றில் பரவும் நோய்க்கு முழுத் தடையாகாது.

பதில் 3

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே நிலையில் இருந்த தகப்பன். என் மகனுக்கு நான்காம் நாளில் காய்ச்சல் விட்டது, கொப்புளங்களும் காய்ந்தன, அம்மை இறங்கிவிட்டது என்று நிம்மதியடைந்தோம். ஆறாம் நாள் மாலை மீண்டும் 103 டிகிரி காய்ச்சல் வந்தது. அவன் சொறிந்திருந்த ஒரு கொப்புளத்தைச் சுற்றித் தொடை சிவந்து, தொட்டால் சுட்டது; காலை ஊன்ற முடியாமல் அழுதான். நாங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனை இரவில் மூடியிருந்தது. குழந்தைகளுக்கான அவசரப் பிரிவு எங்கே இருக்கிறது என்று தெரியாமல், அவனை மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தெருத்தெருவாகச் சுற்றினோம். சொறிந்த இடத்தின் வழியாகப் பாக்டீரியா உள்ளே போயிருந்தது. நரம்பு வழியாக மருந்து ஏற்றி ஐந்து நாட்களுக்குப் பின்தான் வீட்டுக்கு வந்தான்.

அதனால்தான் மன்றாடிக் கேட்கிறேன்: குழந்தை நன்றாக இருக்கும்போதே, இரவு முழுவதும் குழந்தைகளுக்கான அவசரப் பிரிவு இயங்கும் மருத்துவமனை எது, அதன் தொலைபேசி எண் என்ன, அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்பதை இன்றே விசாரித்து எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். விட்ட காய்ச்சல் திரும்பி வந்தாலும், நான்கு நாட்களுக்கு மேல் நீடித்தாலும், ஒரு கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பும் சூடும் வலியும் பரவினாலும் காத்திருக்காதீர்கள். மூச்சுத்திணறல், எழுப்பினாலும் எழாத மயக்கம், நடையில் தள்ளாட்டம், கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, கொப்புளங்களில் இரத்தக்கசிவு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அம்மை என்பதை வழியிலேயே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பள்ளி அலுவலகத்தில் கேட்டு ஒரு குழந்தைநல மருத்துவரின் எண்ணைப் பெற்றேன். அவர் காணொளியில் பார்த்துச் சின்னம்மை என்று உறுதி செய்தார். வைரஸ் எதிர்ப்பு மருந்து பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், தோல் நோய் அல்லது நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும்தான் முதலில் கருதப்படும் என்றும், அதையும் புள்ளி தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம் என்றும், இவளுக்கு இப்போது தேவையில்லை என்றும் விளக்கினார். நாத்தனார் தம் தோழி வீட்டுக்குப் போய்விட்டார். இரத்தப் பரிசோதனையின் முடிவு சற்று முன் வந்தது: எதிர்ப்பொருள் இருக்கிறது. அதைக் கேட்டதும் நானும் அவரும் தொலைபேசியிலேயே அழுதுவிட்டோம். இரவு அவசரப் பிரிவின் எண்ணைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மகளை எப்போது மீண்டும் பள்ளிக்கு அனுப்பலாம்?

பதில் 1 எழுதியவரிடமிருந்து

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டிய பிறகு அனுப்பலாம். முதல் புள்ளி தெரிந்ததிலிருந்து பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாட்களாகும். பொருக்கு உதிரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஒரு முத்தில் நீர் இருந்தாலும் அன்று வீட்டிலேயே வைத்திருங்கள். வகுப்பாசிரியரிடம் இன்றே தெரிவித்துவிடுங்கள். அறிகுறி வெளிப்பட 10 முதல் 21 நாட்கள் ஆகும் என்பதால், மற்றப் பெற்றோர் அந்த நாட்களில் தம் பிள்ளைகளைக் கவனித்துவர அது உதவும்.