எவ்ரி எம்ப்ளாயி என்று தொடங்கினால் "தேர்" (their) வரலாமா, ஹிஸ் ஆர் ஹெர்தானா?

கோடிட்ட_இடம்:
புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கான விதிமுறைகளை ஆங்கிலத்தில் எழுதித் தரும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். "எவ்ரி எம்ப்ளாயி மஸ்ட் கேரி தேர் ஐடி கார்டு" என்று எழுதியிருந்தேன். மேலாளர் "தேர்" என்பதை அடித்துவிட்டு "ஹிஸ் ஆர் ஹெர்" என்று போட்டார். எவ்ரி ஒருமை, தேர் பன்மை, இரண்டும் எப்படி ஒட்டும் என்று கேட்கிறார். கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஒரே பத்தியில் ஹி ஆர் ஷி, ஹிம் ஆர் ஹெர், ஹிஸ் ஆர் ஹெர் என்று மாறி மாறி வருவதை வாய்விட்டுப் படித்தால் மூச்சு வாங்குகிறது. யார் சொல்வது சரி?

சிவப்பு_மை:
உங்கள் மேலாளர் சொல்வதுதான். எவ்ரி, ஈச், எவ்ரிஒன், எனிஒன், நோபடி எல்லாம் ஒருமை. வினையும் அதற்கேற்ப "எவ்ரிஒன் இஸ்" என்றுதான் வருகிறது. வினைக்கு ஒருமை, அடுத்த சொல்லுக்குப் பன்மை என்றால் ஒரே வாக்கியத்துக்குள் ஆள் மாறாட்டம். நான் விடைத்தாள் திருத்துபவன். இதைத் தளர்த்தினால் அடுத்த வரியிலேயே "எவ்ரி எம்ப்ளாயீஸ்" என்று எழுதுகிறார்கள்.

பழைய_ஏடு:
"எவ்ரி எம்ப்ளாயீஸ்" தப்பு. "எவ்ரி எம்ப்ளாயி... தேர்" தப்பில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். ஒருவரைக் குறிக்கும் தே, தேர் புதிதாக முளைத்ததல்ல. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டும் மிகப் பழைய சான்றே 1375ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இது பிழை என்ற பேச்சு 18ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள் காலத்தில்தான் சூடு பிடித்தது. அவர்கள் கொடுத்த மாற்று "ஹிஸ் ஆர் ஹெர்" கூட இல்லை, வெறும் "ஹிஸ்". 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டங்களில் ஆண்பாற்சொல் பெண்களையும் உள்ளடக்கும் என்று சட்டமே போட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே வரியில் ஒருமை பன்மையையும் பன்மை ஒருமையையும் உள்ளடக்கும் என்றும் இருக்கிறது. சட்டத்துக்கு இரண்டு கதவும் திறந்திருந்தன. இலக்கணப் புத்தகங்கள் ஒன்றை மட்டும் சாத்திவிட்டன.

சிவப்பு_மை:
பழமையைக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்தில் ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று எதிர்மறைகளை அடுக்கினார்கள். அதைச் சான்றாக வைத்து இன்று அலுவலகக் கடிதத்தில் "ஐ டோன்ட் நோ நத்திங்" என்று எழுதுவீர்களா?

பழைய_ஏடு:
எழுதமாட்டேன். காரணம், எழுத்து ஆங்கிலம் அதைக் கைவிட்டுவிட்டது. ஒருமைத் தே மட்டும் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பேச்சிலும் எழுத்திலும் போகவே இல்லை. நான் சொல்வது பழமையை அல்ல, தொடர்ச்சியை. இன்னொன்று, "யூ" ஒரு காலத்தில் முழுப் பன்மை. ஒருவரை அழைக்க "தவ்" இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் யூ அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டபோது, ஒரே ஆளை யூ என்பது இலக்கணக் கொலை என்று குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் 1660இல் ஒரு புத்தகமே போட்டார். இன்று உங்களிடம் "யூ இஸ்" என்று யாராவது எழுதித் தந்தால் என்ன செய்வீர்கள்? அடிப்பீர்கள். ஒருவருக்கே "யூ ஆர்" சரி என்றால் "தே ஆர்" மட்டும் ஏன் தொண்டையில் சிக்குகிறது?

கத்துக்குட்டி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அப்படியானால் "எவ்ரிஒன் ஆர்" என்று எழுதலாமா? தே ஒருவருக்கு வரும்போது "தே இஸ்" என்றா வரும்? இங்கேதான் எனக்குக் குழம்புகிறது.

பழைய_ஏடு:
இரண்டும் கூடாது. வினை, தன் பக்கத்தில் நிற்கும் எழுவாயைப் பார்க்கும். "சம்ஒன் இஸ் அட் த டோர்." சம்ஒன் ஒருமை, ஆகவே இஸ். அடுத்து அதே ஆளைப் பற்றி, "தே ஆர் கேரிங் அ பாக்ஸ்." தே வந்துவிட்டால் ஆர்தான், நிற்பது ஒற்றை ஆளாகவே இருந்தாலும்.

சிவப்பு_மை:
இதில் எனக்கும் மறுப்பில்லை, ஆனால் என் சங்கடம் வேறு. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "வென் அன் எம்ப்ளாயி மீட்ஸ் விசிட்டர்ஸ், தே மஸ்ட் சைன் த ரெஜிஸ்டர்." கையெழுத்துப் போட வேண்டியது யார்? ஊழியரா, வந்தவர்களா? ஹி ஆர் ஷி என்று இருந்தால் ஊழியர்தான் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். பேச்சில் சமாளித்துவிடலாம். விதிமுறை ஆவணத்தில் இது வம்பு.

கோடிட்ட_இடம்:
ஐயோ, கிட்டத்தட்ட இதே வாக்கியம் என் ஆவணத்தில் இருக்கிறது.

பழைய_ஏடு:
இந்த இடத்தில் அவர் சொல்வது உண்மை. ஆனால் குற்றவாளி தே மட்டும் இல்லை. விசிட்டர்ஸ் என்பதை "அ விசிட்டர்" என்று மாற்றிப் பாருங்கள், ஹி ஆர் ஷி என்றாலும் அதே குழப்பம். எந்தப் பிரதிப்பெயரும், பொருந்தக்கூடிய இரண்டு பெயர்களுக்குப் பின்னால் நின்றால் இப்படித்தான் முழிக்கும். "த எம்ப்ளாயி மஸ்ட் சைன்" என்று பெயரையே திரும்ப எழுதுங்கள். அழகு குறையும், சண்டை வராது.

மூன்றாம்_பெஞ்ச்:
நீங்கள் இருவரும் தேயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். என் கைக்கு வரும் மொழிபெயர்ப்புகளில் தே தொல்லையே இல்லை. தொல்லை எல்லாம் பெயருக்கு முன்னால் வரும் குட்டிச் சொற்களில்தான். "திஸ் டாக்குமென்ட்ஸ்", "ஈச் டிபார்ட்மென்ட்ஸ்", "ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்", "மெனி இன்ஃபர்மேஷன்". "பத்து மரம் நட்டார்கள்" என்றால் நமக்கு உறுத்தாது, எண் வந்தாலே பன்மை வந்துவிட்டது. அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கு ஆகாது. அங்கே திஸ் என்றால் டாக்குமென்ட், தீஸ் என்றால் டாக்குமென்ட்ஸ்.

அதிலும் "ஈச்" பொல்லாதது. தனியாகப் பெயருக்கு முன் வந்தால் "ஈச் ஃபைல் ஹேஸ்". நடுவில் ஆஃப் வந்தால் பெயர் பன்மையாகும், வினை ஒருமையிலேயே நிற்கும்: "ஈச் ஆஃப் த ஃபைல்ஸ் ஹேஸ்". ஈச் பின்னால் போய்விட்டால் வினையும் பன்மை: "த ஃபைல்ஸ் ஈச் ஹேவ்". ஒரே சொல், உட்காரும் இடத்தைப் பொறுத்து வினை மாறுகிறது. இதை யாரும் வகுப்பில் நிறுத்திச் சொல்லித் தருவதில்லை, தேர் சரியா தப்பா என்று மட்டும் மணிக்கணக்கில் அடித்துக்கொள்கிறோம்.

கத்துக்குட்டி:
எவ்ரிக்குப் பின் ஒருமைதான் என்கிறீர்கள். ஆனால் "எவ்ரி டூ வீக்ஸ்" என்று பார்த்திருக்கிறேனே?

மூன்றாம்_பெஞ்ச்:
பார்த்தது சரிதான். இரண்டு வாரம் என்பதை ஒரே துண்டாக எடுத்து, அந்தத் துண்டு திரும்பத் திரும்ப வருகிறது என்று சொல்கிறோம். எண் வந்தால் இந்தச் சலுகை உண்டு.

சிவப்பு_மை:
மூன்றாம்_பெஞ்ச் சொன்னது அத்தனையும் என் பக்கத்துக்கு வலு. எண்ணிக்கை பொருந்த வேண்டும் என்பதுதானே எல்லாவற்றுக்கும் அடிப்படை? "நன்" பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாட் ஒன் என்பதிலிருந்து வந்தது, ஆகவே ஒருமை. "நன் ஆஃப் த ஃபைல்ஸ் இஸ்".

பழைய_ஏடு:
பிறப்பைப் பார்த்து வினை போடுவதில்லை. பழைய ஆங்கிலத்திலேயே நன் பன்மை வினையோடும் வந்திருக்கிறது. "நன் ஆஃப் த ஃபைல்ஸ் ஆர்" இன்றும் சர்வ சாதாரணம். எண்ண முடியாத பொருளுக்குத்தான் ஒருமை கட்டாயம்: "நன் ஆஃப் த வாட்டர் இஸ்".

அப்புறம், எண்ணிக்கைப் பொருத்தம் பற்றி. நாம் "அவர் வந்தார்" என்று ஒரே ஆளைச் சொல்கிறோம். அமைப்பில் அது பலர்பால். ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல் என்று தொல்காப்பியரே எழுதி வைத்திருக்கிறார். தமிழ் படித்தவருக்கு ஒருமைத் தே அதிர்ச்சி தரவே கூடாது.

சிவப்பு_மை:
நூற்பாவைப் பாதியில் வெட்டிவிட்டீர்களே! "இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல" என்றுதான் அது முடிகிறது. வழக்கில் இருக்கிறது, இலக்கண நெறி அல்ல. நான் இத்தனை நேரம் சொல்வதும் அதுதான்.

பழைய_ஏடு:
சரி, முழுதாகவே எடுத்துக்கொள்வோம். நெறி அல்ல என்று சொல்லியும் வழக்கு நின்றதா இல்லையா? இன்று "ஆசிரியர் வந்தான்" என்று எழுதினால் நீங்களே அடிப்பீர்கள். ஆங்கிலத்திலும் அந்தக் கட்டம் வந்துவிட்டது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு 2017இல், வேறு வழியில்லாத இடங்களில் ஒருமைத் தேயை அனுமதித்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடு 2019இல் அதையே பரிந்துரைத்தது. ஆய்வுக் கட்டுரைக்குப் போதுமான நடை, ஐடி கார்டு விதிக்குப் போதாதா?

சிவப்பு_மை:
கையேட்டுக்குக் கையேடு நடை மாறும், அதை மறுக்கவில்லை. ஆனால் தேர்வில் வினாத்தாள் அமைத்தவர் எந்தக் கையேட்டைப் படித்தாரோ அதுதான் விதி. மாணவரிடம் "1375இல் சான்று இருக்கிறது" என்று சொல்லி அனுப்ப முடியாது.

மூன்றாம்_பெஞ்ச்:
அது தேர்வு. கேள்வி கேட்டவர் தேர்வு எழுதவில்லை. கோடிட்ட_இடம், பேசாமல் வாக்கியம் முழுவதையும் பன்மைக்கு மாற்றிவிடுங்கள்: "ஆல் எம்ப்ளாயீஸ் மஸ்ட் கேரி தேர் ஐடி கார்ட்ஸ்." மேலாளரும் வாய் திறக்க முடியாது.

சிவப்பு_மை:
நல்ல யோசனை. முதலிலேயே இப்படி எழுதியிருக்கலாம்.

பழைய_ஏடு:
இப்போது ஆளுக்கு எத்தனை கார்டு? ஒன்றா, பலவா? கேலிக்காகக் கேட்கவில்லை. ஐடி கார்டு என்பதால் ஒன்று என்று நமக்கே தெரிகிறது. அதுவே "ஆல் அப்ளிகன்ட்ஸ் மஸ்ட் சப்மிட் தேர் சர்ட்டிஃபிகேட்ஸ்" என்றால்? ஆளுக்கு ஒரு சான்றிதழா, இருப்பது அத்தனையுமா? எவ்ரியின் பலமே ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக் காட்டுவதுதான். பன்மைக்குப் போனால் அது போய்விடுகிறது. பிரதிப்பெயரே வேண்டாம் என்று "மஸ்ட் கேரி அன் ஐடி கார்டு" என்று போட்டாலும் ஓட்டைதான். பக்கத்து இருக்கைக்காரரின் கார்டை மாட்டிக்கொண்டு வந்தாலும் விதிப்படி சரி!

மூன்றாம்_பெஞ்ச்:
சான்றிதழ் உதாரணம் ஒத்துக்கொள்கிறேன். அங்கே மட்டும் "ஈச் அப்ளிகன்ட்" என்று தொடங்கி, எத்தனை என்று எண்ணையும் எழுதிவிடுவதுதான் ஒழுங்கு.

கோடிட்ட_இடம்:
எல்லோருக்கும் நன்றி. ஐடி கார்டு வாக்கியத்தைப் பன்மைக்கு மாற்றினேன். ரெஜிஸ்டர் வாக்கியத்தில் "த எம்ப்ளாயி" என்றே திரும்ப எழுதிவிட்டேன், மேலாளர் தலையாட்டினார். "இஃப் எனிஒன் லூசஸ் தேர் கார்டு" என்று ஒரு இடத்தில் மட்டும் தேரை விட்டுவைத்தேன். அவர் கண்ணில் படவில்லை, அல்லது பட்டும் விட்டுவிட்டார்.

சிவப்பு_மை:
என் கண்ணில் பட்டிருந்தால் அதையும் அடித்திருப்பேன்.

கத்துக்குட்டி:
ஒரே ஒரு சந்தேகம், "ஸ்டாஃப்" என்பதற்கு இஸ்ஸா, ஆரா?

மூன்றாம்_பெஞ்ச்:
பிரிட்டிஷ் வழக்கில் இரண்டும் உண்டு, ஆர் அதிகம். அமெரிக்காவில் பெரும்பாலும் இஸ். சிவப்பு_மை பதில் தருவதற்குள் இதற்குத் தனி இழை தொடங்கிவிடுங்கள்.