கடல்நீர்ப் பவளத் தொட்டிக்கு எந்த மணல், எத்தனை கிலோ?

கேள்வி:
தொட்டி 120×50×50 செ.மீ. மென்பவளங்களும் எல்பிஎஸ் பவளங்களும் (பெரிய பாலிப் கொண்ட கல்பவளங்கள்) வைக்கப் போகிறேன். ஒரு ஜோடி கோமாளி மீன், பிறகு ஒரு மஞ்சள் ராஸ் மீன். மாவு போன்ற அரகோனைட் (ஒரு வகைக் கால்சியம் கார்பனேட்) மணல் போடலாமா, நொறுக்கிய பவளமா? எவ்வளவு வாங்க வேண்டும்?

பதில் 1:
நொறுக்கிய பவளம் வேண்டாம். 3–5 மி.மீ. துண்டுகளின் இடுக்கில் கழிவும் மிச்சத் தீனியும் இறங்கித் தங்கிவிடும். வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) எவ்வளவு அடித்தாலும் வெளியே வராது. நாளாக ஆக நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும். மாவு மணலோ பம்ப் ஓடியதும் பறந்து பவளத்தின் மேல் படியும். 1–2 மி.மீ. அரகோனைட் வாங்குங்கள்.

3 செ.மீ. உயரத்துக்கு 120×50×3 = 18,000 கன செ.மீ., அதாவது 18 லிட்டர். லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிலோ என்றால் 27 கிலோ. பாறை நிற்கும் இடத்தைக் கழித்தால் இன்னும் குறையும்.

முதலில் பாறையை அடிக்கண்ணாடி மேல் ஆடாமல் நிறுத்துங்கள், அப்புறம்தான் சுற்றிலும் மணல். மணல் மேல் பாறையை வைத்தால் பிஸ்டல் இறாலோ கோபி மீனோ அடியில் தோண்ட, பாறை சரிந்து கண்ணாடியே போய்விடும். உலர் மணலைத் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள், கடைசி அலசல் ஆர்ஓ நீரில். ஈரமாகப் பையில் வரும் லைவ் மணலை மட்டும் அலசவே கூடாது. பாக்டீரியாவுக்காகத்தானே அதை வாங்குகிறோம்!

பதில் 2:
மஞ்சள் ராஸுக்கு 3 செ.மீ. போதாது. இரவில் மணலுக்குள் புதைந்துதான் அது தூங்கும், பயந்தாலும் அங்கேதான் பாயும். நீரோட்டம் குறைந்த ஒரு மூலையில் 40×25 செ.மீ. அளவுக்கு மட்டும் மணலை மொத்தம் 6 செ.மீ. ஆக உயர்த்துங்கள். கூடுதலாக 3 லிட்டர், நாலரை கிலோ. மேலே வலை மூடியும் கட்டாயம், துள்ளி வெளியே விழுகிற மீன் அது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அரகோனைட் கரைந்து கேஎச்சை (நீரின் கார்பனேட் காரத்தன்மையை) தாங்கும் என்கிறார்களே, டோஸிங் (குறைவதைக் கரைசல் ஊற்றி ஈடுசெய்வது) தேவைப்படாதா?

பதில் 1:
தேவைப்படும். கால்சியம் ரியாக்டரில் (அரகோனைட்டைக் கரைத்துத் தொட்டிக்குத் தரும் தனிக் கருவியில்) கார்பன் டை ஆக்சைடு விட்டு பிஎச்சை 6.5 பக்கம் இறக்கினால்தான் அரகோனைட் போதுமான அளவு கரைகிறது. தொட்டியின் 8.1–8.3 பிஎச்சில் அது கரைவதாகவே நினைக்க வேண்டாம். பவளம் வளரத் தொடங்கியதும் வாரம் இருமுறை கேஎச் பாருங்கள். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுதான் டோஸ்.