பெருவெடிப்புக்குப் பின் வெப்பம் 2.22 எம்இவிக்குக் கீழே இறங்கியதும் டியூட்டிரியம் நிலைத்ததா?

கருந்துளி: டியூட்டிரியம் என்பது ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த கரு; எம்இவி ஓர் ஆற்றல் அலகு, வெப்பநிலையையும் அதில் சொல்வோம். "வெப்பம் 2.22 எம்இவிக்குக் கீழே இறங்கியதும் டியூட்டிரியம் நிலைத்தது, முதல் நொடிக்குள் ஹீலியமும் தயார்" என்று முப்புரி வேறு இழையில் எழுதியிருக்கிறார். சுத்தத் தப்பு. ஒரு பேரியானுக்கு (புரோட்டான் அல்லது நியூட்ரானுக்கு) சுமார் 160 கோடி ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், இருந்தன. வெப்பம் 0.1 எம்இவிக்கு இறங்கிய பிறகும் அவற்றில் 2.22-ஐத் தாண்டியவை பேரியானுக்கு 80 தேறும். டியூட்டிரியம் சேரச் சேர அவை உடைத்துக்கொண்டே இருக்கும். 0.08-இல் அந்த எண்ணிக்கை பேரியானுக்கு அரையாகி (0.5), 0.07-இல் நூற்றில் ஒன்றாகிறது (0.01). அதற்குள் மூன்று நான்கு நிமிடம் போய்விடும்.

முப்புரி: டியூட்டிரியத்தின் பிணைப்பாற்றல், கருவைப் பிரிக்கத் தேவையான ஆற்றல், 2.22 தானே? அதையும் மாற்றிவிட்டீர்களா?

அலைநீளம்: ஹீலியம்-4க்குப் பிணைப்பாற்றல் 28.3 இருக்கிறதே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை? வெப்பச் சமநிலை மட்டும் நீடித்திருந்தால் 0.28 எம்இவியிலேயே ஹீலியம் குவிந்திருக்கும். நாலு துகள் ஒன்றாக மோத அடர்த்தி போதாது. இரண்டிரண்டாகத்தான் சேர வேண்டும், முதல் படியே டியூட்டிரியம்.

முப்புரி: ஆக, 2.22 தான் முக்கியம் என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். நன்றி.

கருந்துளி: வார்த்தையைத் திரிக்காதீர்கள். 2.22 ஒரு கருவை உடைக்கத் தேவையான ஆற்றல், அந்த நேரத்து வெப்பநிலை அல்ல. உங்கள் கணக்கையே போடுகிறேன். 2.22 எம்இவியில் நியூட்ரான்–புரோட்டான் விகிதம் 0.56. அப்போதே எல்லாம் கட்டியிருந்தால் எடையில் 72 விழுக்காடு ஹீலியமாக இருக்கும். வானில் பார்ப்பது கிட்டத்தட்ட 25. விகிதம் 1:6-க்கு இறங்கி, காத்திருந்த நிமிடங்களில் நியூட்ரான் சிதைந்து 1:7 ஆனதால்தான் அந்த 25.

சொல்லாய்வு: டியூட்டிரியத்தைக் கனஹைட்ரஜன் என்று தமிழில் எழுதினால் குறைந்துவிடுமா?

அலைநீளம்: டிரிட்டியமும் கனமான ஹைட்ரஜன்தான். இங்கே அகராதி வேண்டாம்.

சொல்லாய்வு: போன மாதமும் இப்படித்தான் வாயடைத்தீர்கள்.

முப்புரி: உங்கள் கணக்கில் லித்தியம்-7 பழைய விண்மீன்களில் காண்பதைவிட மூன்று மடங்கு வருகிறதே, அதற்கு என்ன பதில்?

கருந்துளி: அது தீராத சிக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் லித்தியம் ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் 1000 கோடியில் ஐந்து என்ற அளவு. நிறை எண் 5-லும் 8-லும் நிலையான கரு கிடையாது, பெரிலியம்-8 வெறும் 0.092 எம்இவி குறைவால் பிளந்துவிடுகிறது, அதனால் இன்னும் கனமான கருக்களுக்கு ஏற வழியில்லை. அதைக் காட்டி 72-ஐ மறைக்க முடியாது.

முப்புரி: 2.22 தவறு என்று இதுவரை ஒருவரும் காட்டவில்லை.

கருந்துளி: 72 எங்கே போயிற்று? அதைச் சொல்லுங்கள்.

முப்புரி: முதலில் லித்தியத்துக்குப் பதில்.