தனக்காச் சாந்து பூச நேரம் உண்டு, பல் துலக்க இல்லையா?

ரங்கூன் தங்கை: எனக்கு 26 வயது. கவனச்சிதறல் கோளாறான ஏடிஎச்டி என்று மருத்துவர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. குளிப்பதும் பல் துலக்குவதும் இன்னும் மலையாகத்தான் இருக்கின்றன. நேற்று மின்சாரம் வந்தது, மோட்டார் ஓடித் தொட்டி நிரம்பியது. துண்டெடுக்க அறைக்குள் போனவள், கட்டிலில் கிடந்த துணியை மடிக்க உட்கார்ந்தேன், பாதியில் கைபேசி. மறுபடி நினைவு வந்தபோது இரவு பதினொன்று, துண்டு தோளிலேயே இருந்தது. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மோல்மீன் பெரியவர்: கோபித்துக்கொள்ளாதே அம்மா. எங்கள் காலத்தில் கிணற்றடியில் நாலு வாளி ஊற்றிக்கொண்ட பிறகுதான் காப்பியே கிடைக்கும். கைபேசியைப் பிடுங்கி வைத்தால் பாதி நோய் ஓடிவிடும்.

பெகு அத்தை: கைபேசியே இல்லாத நாளில் என் தம்பிக்கு இதே பாடுதான், ஐயா. 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததா என்று பார்த்துத்தான் ஏடிஎச்டி என்கிறார்கள். அப்பா அடித்தும் பார்த்தார். அடிக்குப் பயந்து உள்ளே போவான்; தண்ணீரைத் தரையில் ஊற்றிச் சத்தம் காட்டிவிட்டு, தலையை மட்டும் நனைத்துக்கொண்டு வருவான். அடி அதைத்தான் கற்றுக்கொடுத்தது.

மோல்மீன் பெரியவர்: இருக்கட்டும். என் பேத்தியும் பல் துலக்க மறந்துவிட்டதாகச் சொல்கிறாள். ஆனால் தினமும் நம் பர்மாவில் முகத்துக்குப் பூசும் தனக்கா மரக்கட்டையைக் கல்லில் அரைத்து, அந்தச் சாந்தை இரண்டு கன்னத்திலும் வட்டமாகப் பூசுகிறாள். அது மட்டும் மறப்பதில்லையே?

ரங்கூன் தங்கை: நல்ல கேள்வி ஐயா, நானும் பூசுகிறவள்தான். தண்ணீர் தெளித்துக் கட்டையைத் தேய்த்தவுடன் மணம், பூசியவுடன் குளிர்ச்சி. பல் துலக்கினால்? பத்து வருடம் கழித்துப் பல் விழாமல் இருக்கும்! அத்தனை தூரத்துக் கூலிக்கு என் மூளை எழுந்து வருவதில்லை. துலக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். எழுந்து போகும் அந்த முதல் அடிதான் வரமாட்டேன் என்கிறது.

மோல்மீன் பெரியவர்: கல்லிடம் போக மட்டும் அடி வருகிறதே! பிரஷையும் பேஸ்ட்டையும் அங்கேயே கொண்டுபோய் வைக்க வேண்டியதுதானே?

பெகு அத்தை: திட்ட வந்தவர் வழி சொல்லிவிட்டார்! தங்கையே, இன்னொன்று. ஏடிஎச்டிக்குத் தரும் மீத்தைல்பெனிடேட் மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால் கவனம்: சிலருக்கு வாய் உலரும், எச்சில் குறைந்தால் சொத்தை சீக்கிரம் விழும். மாத்திரையின் வேகம் மாலையில் இறங்கிவிடும் என்பதால், படுக்கும்வரை காத்திருக்காமல் இரவுச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்திலேயே துலக்கிவிடு. குளிக்கவே முடியாத நாளில் ஈரத்துணியால் முகம், அக்குள், கால் துடைத்தாலும் போதும்.

மோல்மீன் பெரியவர்: அந்தத் துணிக் குளியலை மட்டும் நான் ஒப்பமாட்டேன்.

ரங்கூன் தங்கை: ஒப்ப வேண்டாம் ஐயா. பிரஷ் இப்போது தனக்காக் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "கல்லில் எச்சில் படப்போகிறது" என்று காலையிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் இன்று துலக்கிவிட்டேன்.